காலம் குறிக்கும் ஆங்கிலச் சொற்கள்

ஆங்கிலத்தில் ஓரளவு நன்றாகவே எழுதவும் பேசவும் பழகியவர்கள்கூட, நாள், கிழமை, மணி, வருஷம் என்று காலத்தைச் சுட்டவேண்டிய இடம் வந்தவுடன் தடுமாறிப் போவதை நாம் அன்றாடம் காண்கிறோம். வினைச்சொற்களின் மூன்று வடிவங்களையும் தடையின்றி ஒப்பிக்க வல்லவரும், அரிய சொற்களை இடமறிந்து பிரயோகிப்பவருமான ஒருவர், மூன்று வருஷமாக இந்த ஆபீசில் வேலை பார்க்கிறேன் என்னும் எளிய செய்தியை ஆங்கிலத்தில் சொல்லப் புகும்போது, "ஐ ஆம் ஒர்க்கிங் ஹியர் சின்ஸ் த்ரீ இயர்ஸ்" என்று சொல்லிவிடுகிறார்; அந்தச் சிறிய வாக்கியத்துக்குள் இரண்டு பிழைகள் இடம்பெற்றுவிடுகின்றன. இதற்கு அறிவுக் குறைவோ முயற்சிக் குறைவோ காரணம் அன்று. தமிழ் காலத்தை ஒரு விதமாக அளக்கிறது, ஆங்கிலம் வேறு விதமாக அளக்கிறது. நம்முடைய அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டே அந்தப் பாஷையின் சொற்களை எடுத்து வைக்க முயல்வதனால் விளையும் பிழைகளே இவை.

ஆகவே இந்த அத்தியாயத்தில் சூத்திரங்களை வரிசையாக அடுக்கித் தருவதைவிட, ஒரே ஒரு கேள்வியை வாசகர் மனத்தில் ஊன்றிவிடுவதே பெரும் பயன் தரும் என்று கருதுகிறோம். காலத்தைக் குறிக்கும் எந்த ஆங்கிலச் சொல்லையும் வாயில் எடுக்குமுன், நாம் எந்த இடத்தில் நின்றுகொண்டு அளக்கிறோம், அளக்கப்படுவது ஒரு புள்ளியா அல்லது ஒரு நீளமா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். இந்தக் கேள்விக்கு விடை தெளிவாகிவிட்டால், சரியான சொல் பெரும்பாலும் தானே வந்து நிற்கும். வாக்கியங்களை வாய்விட்டுச் சொல்லிப் பழகுவது இன்றியமையாததாகையால், உதாரணங்கள் அனைத்தையும் தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறோம்.

நீளமும் தொடக்கமும்

"ஃபார்" என்னும் சொல் நீளத்துக்கு உரியது. "சின்ஸ்" என்பது தொடக்கப் புள்ளிக்கு உரியது. மூன்று வருஷம், பத்து நாள், அரைமணி நேரம், வெகு காலம் ஆகியவை நீளங்கள். திங்கட்கிழமை, காலை ஆறு மணி, 1969, தகப்பனார் ஓய்வு பெற்ற நாள் ஆகியவை புள்ளிகள். இந்தப் பேதத்தை நினைவில் இருத்துவதற்குத் தமிழே நமக்குத் துணை நிற்கிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. மூன்று வருஷமாக, பத்து நாளாக என்று "ஆக" சேர்த்துச் சொல்லும் இடங்களில் எல்லாம் ஆங்கிலத்தில் "ஃபார்" வரும். திங்கட்கிழமையிலிருந்து, 1969 முதல் என்று "இருந்து", "முதல்" சேர்த்துச் சொல்லும் இடங்களில் "சின்ஸ்" வரும். தமிழில் யாரும் "மூன்று வருஷம் முதல் வேலை பார்க்கிறேன்" என்று சொல்வதில்லை அல்லவா? "சின்ஸ் த்ரீ இயர்ஸ்" என்பதும் ஆங்கிலக் காதுக்கு அத்தகையதே. "சின்ஸ் லாங்" என்று நம் நாட்டில் பரவியிருக்கும் வழக்கும் இதே பிழையைச் சார்ந்தது. "ஃபார் எ லாங் டைம்" என்பதே முறை.

இனி வினைச்சொல்லின் விஷயம். இங்கேதான் இரண்டு பாஷைகளும் உண்மையாகவே வெவ்வேறு திசையில் செல்கின்றன. "பத்து வருஷமாக மதுரையில் இருக்கிறேன்" என்று நாம் நிகழ்காலத்திலேயே சொல்லி முடித்துவிடுகிறோம். ஆங்கிலமோ, நேற்றுவரை கழிந்த காலமும் இன்றைய நிலையும் ஒரே வினையில் கோக்கப்பட வேண்டும் என்று வற்புறுத்துகிறது. அதற்காகவே பிரஸன்ட் பெர்ஃபெக்ட் என்னும் வடிவம் அங்கே ஏற்பட்டிருக்கிறது. "ஐ ஹேவ் பீன் லிவிங் இன் மதுரை ஃபார் டென் இயர்ஸ்" என்றால், பத்து வருஷத்துக்கு முன் குடிவந்தேன், இன்றும் அங்கேயே இருக்கிறேன் என்று பொருள். "ஐ லிவ்ட் இன் மதுரை ஃபார் டென் இயர்ஸ்" என்றால், பத்து வருஷம் இருந்தேன், இப்பொழுது அங்கே இல்லை என்று பொருள். வினை ஒன்று மாறினால் ஊரே மாறிவிடுகிறது.

நிகழ்கால வினையோடு "ஃபார்" சேர்ந்தால் என்ன ஆகும் என்பது இன்னும் கூர்ந்து நோக்கத்தக்கது, ஏனெனில் அப்படிச் சொல்வது எப்பொழுதும் பிழை என்று ஒதுக்கிவிட முடியாது. சில இடங்களில் அது முற்றிலும் வேறொரு பொருளைத் தந்து, சொல்பவருக்கும் கேட்பவருக்கும் தெரியாமலே இருவரையும் வேறுவேறு வழியில் செலுத்திவிடும். வெளியூரில் விடுதியில் தங்கியிருக்கும் ஒருவரைப் பார்த்து மற்றொருவர் விசாரிக்க, அவர் "ஐ ஆம் ஹியர் ஃபார் டூ வீக்ஸ்" என்கிறார். வந்து இரண்டு வாரம் ஆகிறது என்று சொல்வதாக அவர் எண்ணம். கேட்ட ஆங்கிலேயரோ, இவர் மொத்தம் இரண்டு வாரம் தங்கப் போகிறார் என்று கொள்கிறார். வந்து இரண்டு வாரம் ஆயிற்று என்பதற்கு "ஐ ஹேவ் பீன் ஹியர் ஃபார் டூ வீக்ஸ்" என்றே சொல்ல வேண்டும்.

அறிதல், சொந்தமாக வைத்திருத்தல், நம்புதல் போன்ற நிலை வினைகள் "இங்" விகுதி ஏற்பதில்லை. "ஐ ஆம் நோயிங் ஹிம்" என்பதும் "ஐ ஹேவ் பீன் நோயிங் ஹிம்" என்பதும் ஒவ்வா. "ஐ ஹேவ் நோன் ஹிம் ஃபார் ஃபைவ் இயர்ஸ்" என்பதே சரி.

"முதல்" என்பது எல்லாவிடத்தும் "சின்ஸ்" ஆகிவிடாது. தொடங்கியது இன்றுவரை நீடித்தால் மட்டுமே "சின்ஸ்" பொருந்தும். நமது மாநிலம் தமிழ்நாடு என்ற பெயரை 1969 முதல் தாங்கி வருகிறது; அந்தப் பெயர் இன்றும் நீடிப்பதால், "தி ஸ்டேட் ஹேஸ் பீன் கால்ட் தமிழ்நாடு சின்ஸ் 1969" என்கிறோம். காமராஜர் 1954 முதல் 1963 வரை முதலமைச்சராக இருந்தார். அது முடிந்துபோன காலமாதலால், "காமராஜர் வாஸ் சீஃப் மினிஸ்டர் ஃப்ரம் 1954 டு 1963" என்று "ஃப்ரம்" வந்து, வினையும் இறந்தகாலம் ஆகிறது. இனி வரப்போகும் காலத்துக்கும் "ஃப்ரம்" தான்: "தி ஷாப் வில் பி ஓபன் ஃப்ரம் மண்டே." ஒன்பது மணியிலிருந்து ஐந்து மணி வரை என்பதற்கு "ஃப்ரம் நைன் டு ஃபைவ்" என்றோ "பிட்வீன் நைன் அண்ட் ஃபைவ்" என்றோ சொல்லலாம், இரண்டையும் கலந்து "பிட்வீன் நைன் டு ஃபைவ்" என்று சொல்லலாகாது.

நேற்றுப் பார்த்ததும் என்றோ பார்த்ததும்

பிரஸன்ட் பெர்ஃபெக்ட் வடிவத்தின் பயனைக் கற்றுக்கொண்டவர்கள் அதன்மேல் கொள்ளும் மிகையான ஆசையினால் வேறொரு பிழைக்கு ஆளாகிறார்கள். "ஐ ஹேவ் சீன் ஹிம் எஸ்டர்டே" என்பது அது. நேற்று, போன வாரம், 1950இல், காலை பத்து மணிக்கு என்று முடிந்துபோன காலம் வெளிப்படையாகச் சுட்டப்பட்டால், அந்த வடிவத்துக்கு அங்கே இடமில்லை. சாதாரண இறந்தகாலமே வரவேண்டும். "ஐ சா ஹிம் எஸ்டர்டே."

இதை விதியாக மனப்பாடம் செய்வதைவிட, நம் காதையே கேட்டுப் பார்ப்பது நல்லது. "நான் தாஜ்மகாலைப் பார்த்திருக்கிறேன்" என்று சொல்கிறோம். எப்பொழுது என்பது முக்கியமன்று, பார்த்த அனுபவம் உண்டு என்பதே செய்தி. "போன வருஷம் தாஜ்மகாலைப் பார்த்தேன்" என்றும் சொல்கிறோம். ஆனால், "நேற்று மாலை ஐந்து மணிக்கு அவரைப் பார்த்திருக்கிறேன்" என்று சாதாரணமாக ஒருவர் சொன்னால், எதையோ மறந்து யோசித்துச் சொல்கிறாரோ என்று நமக்கே ஐயம் தோன்றும். தமிழில் "இருக்கிறேன்" ஒட்டி வரும் வினை எந்த உணர்ச்சியைத் தருகிறதோ, ஏறக்குறைய அதையே ஆங்கிலத்தில் "ஹேவ்" தருகிறது. இந்த ஒற்றுமை எல்லா இடத்தும் செல்லாது என்றாலும், பெரும்பாலான சந்தர்ப்பங்களில் நம்மைப் பிழையினின்று காக்கப் போதுமானது. அதே காரணத்தால், எப்பொழுது என்று கேட்கும் கேள்வியிலும் "ஹேவ்" வராது: "வென் ஹேவ் யூ கம்" அன்று, "வென் டிட் யூ கம்."

முன் என்னும் சொல்

மூன்று நாளைக்கு முன் அவர் வந்தார் என்பதை "ஹி கேம் பிஃபோர் த்ரீ டேஸ்" என்று பெயர்ப்பது தமிழர் ஆங்கிலத்தின் அடையாளம் என்று சொல்லத்தக்க அளவுக்கு வேரூன்றியிருக்கிறது. முன் என்றால் "பிஃபோர்" என்று அகராதி சொல்கிறது. ஆதலின் குற்றம் முழுவதையும் எழுதுகிறவர்மேல் சுமத்துவதற்கில்லை. ஆயினும், அளக்கும் இடம் எது என்ற நம்முடைய கேள்வியை இங்கே கேட்டுவிட்டால் குழப்பம் உடனே தெளிந்துவிடும். இன்றைய தினத்தில் நின்றுகொண்டு பின்னோக்கி அளந்தால் "அகோ". வேறொரு கடந்தகால நிகழ்ச்சியில் நின்றுகொண்டு பின்னோக்கி அளந்தால் "பிஃபோர்" அல்லது "எர்லியர்". இரண்டும் நீளத்துக்குப் பின்னால்தான் வரும், முன்னால் அன்று.

காந்தியடிகள் 1948 ஜனவரி 30ஆம் தேதி சுட்டுக் கொல்லப்பட்டார். அதற்கு ஐந்தே மாதங்களுக்கு முன்னர்தான் நாடு சுதந்திரம் அடைந்திருந்தது. இதைச் சொல்லும்போது நாம் அளப்பது இன்றிலிருந்து அன்று, அந்த ஜனவரியிலிருந்து, ஆகவே, "காந்திஜி வாஸ் அசாசினேட்டட் இன் ஜனவரி 1948. இந்தியா ஹேட் பிகம் ஃப்ரீ ஒன்லி ஃபைவ் மந்த்ஸ் பிஃபோர்." இங்கே "அகோ" என்று எழுதினால், சுதந்திரம் கிடைத்து இன்றைக்கு ஐந்து மாதம்தான் ஆகிறது என்ற விபரீதப் பொருள் வந்துவிடும். "ஹேட்" என்னும் வினைவடிவம், கடந்தகாலத்துக்கும் முந்திய கடந்தகாலத்தைச் சுட்டிக் கைகொடுக்கிறது. "அகோ" வரும் வாக்கியத்திலோ வினை சாதாரண இறந்தகாலமே: "ஹி கேம் த்ரீ டேஸ் அகோ."

ஒரு குறிப்பிட்ட புள்ளிக்கு முன்னால் என்று சொல்லும்போதுதான் "பிஃபோர்" அந்தப் புள்ளிக்கு முன்னால் வந்து நிற்கும்: "பிஃபோர் ஃபைவ் ஓ'கிளாக்", "பிஃபோர் பொங்கல்", "பிஃபோர் தி எக்ஸாமினேஷன்". நீளமானால் பின்னே, புள்ளியானால் முன்னே என்று நினைவில் வைத்துக்கொள்க.

இதற்கு நேர் எதிர்ப்புறத்தில், வருங்காலத்தை அளக்கும்போதும் இதே நுட்பம் உண்டு. பத்து நிமிஷத்தில் வருகிறேன் என்பதற்கு "ஐ வில் கம் இன் டென் மினிட்ஸ்" என்பதே இயல்பு. "ஆஃப்டர் டென் மினிட்ஸ்" என்பது கதை சொல்லும் போக்கில், ஏற்கெனவே நடந்ததைக் கூறுமிடத்தில் அழகாகப் பொருந்தும்: "ஆஃப்டர் டென் மினிட்ஸ் ஹி காட் அப் அண்ட் லெஃப்ட்." இப்பொழுதிலிருந்து முன்னோக்கி அளந்தால் "இன்", கதையில் வரும் ஒரு கணத்திலிருந்து அளந்தால் "ஆஃப்டர்" என்று கொள்ளலாம்.

வரை என்பதும் உள் என்பதும்

கடிதப் போக்குவரத்திலும் வியாபாரத்திலும் வழக்கு மன்றத்திலும் மிகுந்த கேடு விளைவிக்கக் கூடியவை இந்தப் பகுதியில் வரும் சொற்களே. ஆகையால் வாசகர் சற்று நின்று பொறுமையாகப் படிக்க வேண்டுகிறோம்.

"ஐந்து மணி வரை இருப்பேன்" என்னும்போது, இருத்தல் என்னும் செயல் அந்தப் புள்ளியைத் தொடும்வரை இடையறாது நீள்கிறது. அதற்கு "அன்டில்" அல்லது "டில்": "ஐ வில் பி ஹியர் அன்டில் ஃபைவ்." "ஐந்து மணிக்குள் முடித்துவிடுவேன்" என்னும்போது, முடித்தல் என்பது அந்தப் புள்ளிக்கு முன் ஏதோ ஒரு கணத்தில் நிகழ்ந்துவிடுகிறது. அதற்கு "பை": "ஐ வில் ஃபினிஷ் இட் பை ஃபைவ்." இவ்விரண்டையும் மாற்றிப் போடுகிறவர் தமிழரில் குறைவு, ஏனெனில் தமிழில் "வரை", "உள்" என்னும் பேதம் தெளிவாகவே இருக்கிறது. இடர் வேறிடத்தில் ஒளிந்திருக்கிறது. பத்தாம் தேதிக்குள் என்றும் பத்து நாளைக்குள் என்றும் நாம் ஒரே உருபைச் சேர்த்துச் சொல்கிறோம். முன்னது புள்ளி, பின்னது நீளம். ஆங்கிலமோ இவற்றுக்கு இரண்டு தனிச் சொற்களை வைத்திருக்கிறது: "பை தி டென்த்", "வித்தின் டென் டேஸ்". தமிழ் உருபு ஒன்றாக இருப்பதனால், "வித்தின் ஃபைவ் ஓ'கிளாக்", "வித்தின் ஃப்ரைடே" என்று எழுதும் வழக்கம் நம் அலுவலகங்களில் வெகுவாகப் பரவிவிட்டது. மணிக்கும் கிழமைக்கும் தேதிக்கும் "வித்தின்" ஒருபோதும் சேராது. நாள் எண்ணிக்கை, வார எண்ணிக்கை போன்ற நீளங்களுக்கே சேரும்.

இனி, "பை தி டென்த்" என்று பணம் கட்டச் சொன்னால், பத்தாம் தேதியே கட்டினாலும் தவணைக்குள் கட்டியதாகவே பொதுவழக்கில் கொள்வர். "பிஃபோர் தி டென்த்" என்றாலோ ஒன்பதாம் தேதியோடு தவணை முடிந்துவிடும். வாடகை ஒப்பந்தமோ கடன் பத்திரமோ எழுதுகிறவர்கள் இந்த ஒரு நாள் வித்தியாசத்தை உணர்ந்து எழுத வேண்டும். "ஆன் ஆர் பிஃபோர் தி டென்த்" என்று பத்திரங்களில் விரித்து எழுதும் வழக்கம் ஏற்பட்டிருப்பதன் பிரயோஜனமும் இதுவே.

"அன்டில்" எதிர்மறையோடு சேரும்போது வரும் அழகான பிரயோகம் ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். பத்து மணிக்குத்தான் வந்தார் என்பதை "ஹி டிட் நாட் கம் அன்டில் டென்" என்கிறார்கள். சொல்லுக்குச் சொல் பார்ப்பவர் வரவேயில்லை போலும் என்று மயங்குவர். உண்மையில் வந்தார், ஆனால் பத்துக்கு முன் வரவில்லை என்பதே கருத்து.

ஒரு விடுப்பு விண்ணப்பம்

இதுவரை கூறியவற்றை ஓரிடத்தில் ஒருசேரப் பார்ப்பதற்கு, நம் ஆபீசுகளில் அன்றாடம் எழுதப்படும் லீவு கடிதத்தை விடச் சிறந்த உதாரணம் கிடையாது. ஒரு குமாஸ்தா இவ்வாறு எழுதுவதாக வைத்துக்கொள்வோம்: "ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர் சின்ஸ் த்ரீ டேஸ். பிஃபோர் டூ டேஸ் ஐ ஹேவ் கன்சல்டட் எ டாக்டர். ஹி ஹேஸ் அட்வைஸ்ட் மி டு டேக் ரெஸ்ட். வென் ஐ வில் ரிட்டர்ன், ஐ வில் சப்மிட் தி அக்கவுண்ட்ஸ் வித்தின் மண்டே."

முதல் வாக்கியத்தில் மூன்று நாள் என்பது நீளம், காய்ச்சல் இன்னும் விடவில்லை; ஆகவே "ஐ ஹேவ் பீன் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர் ஃபார் த்ரீ டேஸ்." காய்ச்சல் தொடங்கிய கிழமையைச் சொல்ல விரும்பினால் "சின்ஸ் மண்டே" என்னலாம். இரண்டாவதில், அளப்பது இன்றிலிருந்து, காலமும் வெளிப்படையாகச் சொல்லப்பட்டிருக்கிறது, ஆகவே "ஐ கன்சல்டட் எ டாக்டர் டூ டேஸ் அகோ." மூன்றாவது வாக்கியத்தைத் தொட வேண்டியதில்லை, டாக்டர் எப்பொழுது சொன்னார் என்பது அங்கே குறிக்கப்படவில்லை, அவர் சொன்ன சொல்லின் பலன் இன்றும் நடைமுறையில் இருக்கிறது, இத்தகைய இடத்துக்கென்றே "ஹேஸ் அட்வைஸ்ட்" என்னும் வடிவம் அமைந்திருக்கிறது. திருத்துகிறேன் பேர்வழி என்று நல்ல வாக்கியத்தையும் சேர்த்து அடித்துவிடுவது கற்பிப்பவர்களிடையே காணப்படும் ஒரு குறை. அதனால் கற்பவருக்குத் தாம் சரியாகச் செய்த இடம் எது என்றே தெரியாமல் போய்விடுகிறது.

நான்காவது வாக்கியத்தில் "வித்தின் மண்டே" என்பது "பை மண்டே" ஆக வேண்டும் என்பதை வாசகர் தாமே கண்டிருப்பார். "வென் ஐ வில் ரிட்டர்ன்" என்பது புதிது. திரும்பி வந்ததும், அவர் வரும்போது, மழை நின்றபின் என்று தமிழில் சொல்லும்போது அந்த எச்சங்களில் எதிர்காலம் தனியே காட்டப்படுவதில்லை. முற்றுவினை மட்டுமே எதிர்காலத்தைத் தாங்குகிறது. ஆங்கிலத்திலும் அவ்வாறே "வென்", "ஆஃப்டர்", "பிஃபோர்", "அன்டில்", "ஆஸ் சூன் ஆஸ்" முதலியவற்றால் தொடங்கும் கிளை வாக்கியத்தில் "வில்" வராது, நிகழ்கால வடிவமே வரும்: "வென் ஐ ரிட்டர்ன்". ஆக, நாம் தமிழின் போக்கிலேயே சென்றிருந்தால் பிழை செய்திருக்க மாட்டோம். வருங்காலச் செய்தியாயிற்றே என்று தர்க்கம் செய்து "வில்" சேர்ப்பதனால்தான் பிழை நேர்கிறது. கடைசி வாக்கியம் இவ்வாறு முடியும்: "ஐ வில் சப்மிட் தி அக்கவுண்ட்ஸ் பை மண்டே, ஆஸ் சூன் ஆஸ் ஐ ரிட்டர்ன்."

சிறு சொற்கள்

"அட்", "ஆன்", "இன்" என்னும் மூன்றையும் பற்றி எல்லா இலக்கண நூல்களும் விரிவாகப் பேசியிருப்பதால் இங்கே சுருக்கமாகச் சொல்வோம். மணிக்கு "அட்", கிழமைக்கும் தேதிக்கும் "ஆன்", மாதத்துக்கும் வருஷத்துக்கும் நூற்றாண்டுக்கும் "இன்". காலையில் என்பதற்கு "இன் தி மார்னிங்", ஆனால் கிழமை சேர்ந்தால் "ஆன் மண்டே மார்னிங்". இரவில் என்பதற்கு மட்டும் "அட் நைட்". பண்டிகைக் காலம் முழுவதையும் கருதினால் "அட் பொங்கல்", அந்த ஒரு நாளைக் கருதினால் "ஆன் பொங்கல் டே". "திஸ்", "லாஸ்ட்", "நெக்ஸ்ட்", "எவ்ரி" ஆகியவற்றின் முன் இந்த மூன்றில் எதுவும் வரலாகாது. "ஆன் நெக்ஸ்ட் மண்டே" என்பது வெறும் "நெக்ஸ்ட் மண்டே" ஆக வேண்டும். இன்று காலை "டுடே மார்னிங்" அன்று, "திஸ் மார்னிங்". இன்று இரவு "டுநைட்". நேற்று இரவு "லாஸ்ட் நைட்". நேற்று மாலைக்கும் நாளைக் காலைக்கும் மட்டும் நம்முடைய வழக்கைப் போலவே "எஸ்டர்டே ஈவினிங்", "டுமாரோ மார்னிங்" என்று வரும். இதில் காரணம் தேடிப் பயனில்லை, பழகிக்கொள்வதே வழி.

குறித்த நேரம் தவறாமல் வருவது "ஆன் டைம்". காரியம் கெடுமுன் வந்து சேர்வது "இன் டைம்". ரயில் "ஆன் டைம்" வந்தது என்றால் அட்டவணைப்படி வந்தது. நாம் ஸ்டேஷனுக்கு "இன் டைம்" போனோம் என்றால் வண்டி புறப்படுமுன் போய்விட்டோம்.

"இன்னும்" என்னும் நம் சொல் ஆங்கிலத்தில் இரண்டாகப் பிரிகிறது. இன்னும் வரவில்லை என்று எதிர்மறையாக முடிந்தால் "யெட்", அதுவும் வாக்கியத்தின் இறுதியில்: "ஹி ஹேஸ் நாட் கம் யெட்." இன்னும் இருக்கிறார் என்று உடன்பாடாக முடிந்தால் "ஸ்டில்", வினையை ஒட்டி நடுவில்: "ஹி இஸ் ஸ்டில் ஹியர்."

கால அளவு ஒரு பெயருக்கு அடைமொழியாகி நிற்கும்போது பன்மை விகுதி நீங்கிவிடும். நம் நாட்டில் 1951இல் தொடங்கிய முதல் ஐந்தாண்டுத் திட்டத்தை "ஃபைவ் இயர் பிளான்" என்றே குறித்தார்கள், "இயர்ஸ்" என்று குறிக்கவில்லை. பத்து வயதுப் பையன் "எ டென் இயர் ஓல்ட் பாய்", தனியே நின்றால் "ஹி இஸ் டென் இயர்ஸ் ஓல்ட்." ஒன்றரை மணி நேரம் "ஒன் அண்ட் எ ஹாஃப் அவர்ஸ்" என்று பன்மையாகும், நடுவில் உள்ள "எ" விடுபடக் கூடாது.

கடிகாரமும் தேதியும்

ஒன்பதே முக்கால் என்று நாம் சென்ற மணியிலிருந்து கூட்டிச் சொல்கிறோம். ஆங்கிலத்தில் அரைமணி தாண்டியவுடன் வரப்போகும் மணியை நோக்கித் திரும்பிக் குறைத்துச் சொல்கிறார்கள். ஒன்பதேகால் "குவார்ட்டர் பாஸ்ட் நைன்", ஒன்பதரை "ஹாஃப் பாஸ்ட் நைன்", ஒன்பதே முக்கால் "குவார்ட்டர் டு டென்". ஆங்கிலேயர் பேச்சில் "ஹாஃப் டென்" என்று கேட்டால் அது பத்தரை. ஒன்பதரை என்று கொண்டுவிடக் கூடாது.

"ஏ.எம்." என்பது நண்பகலுக்கு முன், "பி.எம்." என்பது நண்பகலுக்குப் பின். ஆகையால் "டென் ஏ.எம். இன் தி மார்னிங்" என்று இரண்டையும் சேர்ப்பது மிகை. சரியாகப் பன்னிரண்டு மணிக்கு இவ்விரண்டும் குழப்பம் விளைவிக்கும். "டுவெல்வ் நூன்", "மிட்நைட்" என்று எழுதிவிடுவதே தெளிவு. நள்ளிரவு எந்த நாளைச் சேர்ந்தது என்பது அதைவிடப் பெரிய சங்கடம். நமது ரயில்வே இருபத்துநான்கு மணிக் கணக்கைப் பின்பற்றுவதால், பன்னிரண்டாம் தேதி 00.05 என்று டிக்கெட்டில் அச்சிட்டிருந்தால், பிரயாணி பதினொன்றாம் தேதி இரவே ஸ்டேஷனில் இருக்க வேண்டும். பன்னிரண்டாம் தேதி இரவு சாப்பிட்டுவிட்டு நிதானமாக வருபவருக்கு அந்த வண்டி போய் ஏறக்குறைய ஒரு நாள் ஆகியிருக்கும். இப்படிப்பட்ட வண்டியைப் பற்றிப் பிறருக்கு எழுதும்போது, "ஆன் தி நைட் ஆஃப் தி லெவன்த், அட் ஃபைவ் மினிட்ஸ் பாஸ்ட் மிட்நைட்" என்று எழுதினால் எவரும் மயங்க மாட்டார்.

தேதியை எண்களால் மட்டும் எழுதுவதும் அத்தகையதே. 5-3 என்று எழுதினால் நமக்கும் ஆங்கிலேயருக்கும் மார்ச்சு ஐந்து, அமெரிக்கருக்கு மே மூன்று. மாதத்தின் பெயரை எழுத்தில் எழுதிவிட்டால் எந்த நாட்டவருக்கும் பொருள் ஒன்றே. இரண்டு வாரத்தைக் குறிக்கும் "ஃபோர்ட்நைட்" என்னும் சொல்லும் அமெரிக்கர் வழக்கில் இல்லை. அவர்களுக்கு "டூ வீக்ஸ்" என்றே எழுதுக.

"நெக்ஸ்ட் ஃப்ரைடே" என்று திங்கட்கிழமை அன்று சொன்னால், சிலர் இந்த வாரத்து வெள்ளி என்றும், வேறு சிலர் அடுத்த வாரத்து வெள்ளி என்றும் கொள்வர். ஆங்கிலத்தையே தாய்மொழியாக உடையவர்களிடையும் இதில் ஒருமைப்பாடு இல்லை. எது சரி என்று வாதிடுவதை விட்டு, கிழமையோடு தேதியையும் சேர்த்து எழுதுவதே விவேகம்.

ஒரு கூட்டத்தைத் தள்ளிப்போடுவது "போஸ்ட்போன்". முன்னதாகவே வைத்துக்கொள்வதற்கு "பிரிபோன்" என்று நம் நாட்டில் வழங்குகிறோம்; நம்மவருக்குள் எழுதும் கடிதங்களில் அதை விலக்க வேண்டிய அவசியமில்லை என்பது எமது அபிப்பிராயம். ஆனால் வெளிநாட்டாரில் பலருக்கு அது விளங்காது. அவர்களுக்கு "பிரிங் ஃபார்வர்ட்" என்று எழுத வேண்டும். "மூவ் ஃபார்வர்ட்" என்றால் முன்னதாக வந்ததா, பின்னுக்குப் போயிற்றா என்ற ஐயம் எழும். பழைய நாள், புதிய நாள் இரண்டையும் குறிப்பிட்டு, "தி மீட்டிங் ஹேஸ் பீன் பிராட் ஃபார்வர்ட் ஃப்ரம் ஃப்ரைடே டு வெட்னஸ்டே" என்று எழுதினால், வரவேண்டியவர்கள் எல்லோரும் புதன்கிழமையே வந்து சேருவார்கள்.